ஓட்டுநர் மேல் எழுதும் கணக்கு

சின்னமனூர், குச்சனூர் பக்கத்துப் பட்டறைகளில் அரை நாள் நின்றால் ஒரே தீர்ப்பு திரும்பத் திரும்பக் காதில் விழும்: "வண்டி நல்ல வண்டிண்ணே, ஆளுதான் சரியில்ல." டிராக்டரின் கிளட்ச் கருகியிருந்தால் ஆள் சரியில்லை. முன்சக்கரம் ஆடினால் ஆள் சரியில்லை. குட்டி யானையின் பின்பட்டை முறிந்தாலும், எஸ்டேட் ஜீப்பின் பிரேக் பிடிக்காமல் போனாலும் ஆள்தான் சரியில்லை. தீர்ப்பைச் சொல்பவர் வண்டிக்காரர். தலையாட்டுபவர் மெக்கானிக். தண்டனையை வாங்கிக்கொள்பவர் அந்த இடத்திலேயே இல்லாத டிரைவர். பிடித்தம் என்ற பெயரில் அந்தத் தண்டனை மாதக் கடைசியில் அவர் கைக்குப் போய்ச் சேரும்.

இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறானது. அதோடு, வண்டிகளை மேலும் கெடுப்பதும் இதுதான். ஊரே ஒத்துக்கொண்ட ஒன்றை மறுத்துப் பேசுவதால் காரணங்களை விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒத்துக்கொள்ள வேண்டியதை ஒத்துக்கொள்கிறேன். பொறுப்பில்லாத ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். குடித்துவிட்டு ஏறுபவர், ஒரு கையில் போனும் ஒரு கையில் ஸ்டியரிங்குமாகப் போகிறவர், டிரெய்லரோடு வாய்க்கால் பாலத்தில் வேகமாகத் திரும்பிக் கவிழ்ப்பவர் என்று எல்லாரும் உண்டு. அவர்களுக்காக நான் வாதாடவில்லை. ஆனால் ஒரே வண்டியில் அடுத்தடுத்து மூன்று டிரைவர்கள் மாறி, மூன்று பேர் கையிலும் அதே கிளட்ச் கருகுகிறது என்றால், நான்காவது ஆளைத் தேடுவதற்கு முன் வண்டியையும் அதை வேலைக்கு அனுப்பும் முறையையும் பார்க்க வேண்டாமா?

குச்சனூர் வயல்களில் டிராக்டர் எந்த நிலைமையில் ஓடுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீரில் கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் நிலம் 14,707 ஏக்கர் பாசனம் பெறுகிறது. அதில் 11,807 ஏக்கர் உத்தமபாளையம் தாலுகாவில் இருக்கிறது. குச்சனூரும் அதில் அடக்கம். முதல் போகத்துக்கு ஜூன் மாதத் தொடக்கத்தில் தண்ணீர் திறப்பது வழக்கம். தண்ணீர் வந்ததும் நாற்றங்கால், நாற்று முற்றுவதற்குள் தொழி உழவு, பிறகு நடவு. ஆக, இத்தனை ஆயிரம் ஏக்கரும் சில வாரங்களுக்குள் சேறு அடிக்கப்பட்டாக வேண்டும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் டிராக்டர் வேண்டும். நடவு ஆட்களுக்கு நாள் குறித்தாகிவிட்டது, வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, நாற்று வயசாகிறது. வண்டிக்காரருக்கு மணிக் கணக்கில் வாடகை. பகல் முடிந்து இரவிலும் விளக்கைப் போட்டு உழவு நடக்கிறது.

அந்த வாரங்களில் டிராக்டர் செய்யும் வேலை மிகக் கடுமையானது. பின்சக்கரங்களில் கேஜ் வீல் மாட்டி, ரோட்டவேட்டரைத் தொங்கவிட்டு, முழங்கால் சேற்றில் மணிக்கணக்காக ஓடுகிறது. முன்அச்சு சேற்றில் முங்கி எழுகிறது. சக்கரக் குடத்தில் உள்ள ஆயில் சீல் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் சேற்றுத் தண்ணீர் உள்ளே போய்விடும். போனால் கிரீஸ் பால் மாதிரி வெளுத்து, பேரிங் சில நாளில் கரகரக்கத் தொடங்கும். இதற்கு மருந்து ஒன்றுதான். சேற்று வேலை நடக்கும் நாட்களில் தினமும் கிரீஸ் அடிக்க வேண்டும். புதிய கிரீஸ் உள்ளே போகும்போது சேறும் தண்ணீரும் வெளியே தள்ளப்படும்.

இதைச் செய்யாதது டிரைவரின் குற்றம் என்பார்கள். செய்வதற்கு கிரீஸ் டப்பாவும் கிரீஸ் கன்னும் வண்டியில் இருந்தனவா? பல வண்டிகளில் கன் இருக்காது, இருந்தால் முனை உடைந்திருக்கும். இரண்டும் இருந்தாலும், ஒரு வயலில் ஏறிய வண்டி கழுவப்படாமல் அடுத்த வயலுக்குப் போகிறது. நடுவில் கால் மணி நேரம் நின்றால், "ஏம்பா, வண்டி நிக்குது?" என்று போன் வரும். கிரீஸ் அடிக்கும் கால் மணி நேரத்துக்கு வாடகை கிடையாது என்பதால் அந்த நேரம் யாருடைய கணக்கிலும் வேலையாக எழுதப்படுவதில்லை. கடைசியில் பேரிங் போன பிறகு அதே கால் மணி நேரம் "அலட்சியம்" என்ற பெயரில் டிரைவர் கணக்கில் ஏறுகிறது.

கிளட்ச் விஷயம் இன்னும் தெளிவானது. பெடல் மேல் காலை வைத்தபடியே ஓட்டினால் கிளட்ச் தேயும், ரிலீஸ் பேரிங் போகும். உண்மைதான். ஆனால் காலை முழுதாக எடுத்துவிட்டு ஓட்டினாலும் அதே கேடு வர ஒரு வழி உண்டு. பெடலை மிதித்தால் முதலில் சிறிது தூரம் வெறுமனே இறங்க வேண்டும். பிளேட் தேயத் தேய இந்த வெற்று ஆட்டம் குறைந்துகொண்டே வரும். அதை அவ்வப்போது அளந்து சரிசெய்யாவிட்டால் ரிலீஸ் பேரிங் எந்நேரமும் அழுத்திக்கொண்டே இருக்கும், கிளட்ச் அரைகுறையாகப் பிடிக்கும், வழுக்கும், கருகும். காலை வைத்து ஓட்டியதால் கருகிய பிளேட்டையும், பெடலைச் சரிசெய்யாததால் கருகிய பிளேட்டையும் மேசை மேல் அருகருகே வைத்தால், எது எது என்று வெறும் கண்ணால் சொல்வது கடினம். இருந்தும் பட்டறையில் பிளேட் வெளியே வந்த மறுநொடியே தீர்ப்பும் வந்துவிடுகிறது.

டிராக்டரில் கிளட்ச் மாற்ற வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். இன்ஜின் ஒரு பக்கம், கியர் பெட்டி ஒரு பக்கம் என்று நகர்த்தி வைத்த பிறகுதான் கை உள்ளே போகும். கூலியும் நேரமும் பெரிதாகச் செலவாவது இந்தப் பிரிப்பதில்தான். எனவே பிரித்த கையோடு பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், பின்பக்க ஆயில் சீல் எல்லாவற்றையும் பார்த்து, வேண்டியதை மாற்றி, ஃப்ளைவீலின் முகத்தையும் சீர்செய்து மூட வேண்டும். நல்ல மெக்கானிக்குகள் இதைச் சொல்லத்தான் செய்கிறார்கள். "இப்போதைக்கு பிளேட்டை மட்டும் போட்டு விடுங்க, சீசன் முடியட்டும்" என்று பதில் வருகிறது. கசியும் சீலிலிருந்து எண்ணெய் புது பிளேட்டில் படிகிறது. அடுத்த போகத்துக்குள் மறுபடி வழுக்கல். வண்டியைப் பிரிக்கிறபோது அன்றைக்கு வேலையில் இருக்கும் டிரைவர் யாரோ, பழி அவருக்கு. சென்ற முறை அரைகுறையாக மூடச் சொன்னது யார் என்று எவரும் கேட்பதில்லை. பட்டறையில் ரசீதும் இல்லை, வண்டியில் நோட்டும் இல்லை.

இன்ஜின் சூடேறிச் சீஸ் ஆகும் வண்டிகளிலும் இதே கதைதான். ரேடியேட்டர் கண்களில் வைக்கோல் தூசு அடைத்திருக்கும். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கும். "ஹீட் ஏறினது கூடத் தெரியாம ஓட்டியிருக்கான்" என்று திட்டு விழும். டேஷ்போர்டில் உள்ள வெப்பமானி முள் மாதக்கணக்கில் செத்துக் கிடப்பதைத் திட்டுபவரும் அறிவார், மெக்கானிக்கும் அறிவார். முள்ளை மாற்றித் தராமல், முள்ளைப் பார்க்கவில்லை என்று ஒருவரைக் குற்றம் சொல்வதில் என்ன நியாயம்?

எதிர்த்தரப்பின் பலமான வாதத்துக்கு வருகிறேன். "சொந்த வண்டியைத் தானே ஓட்டுறவன் வண்டி பத்து வருசம் நிக்குது. சம்பள ஆள் ஓட்டுற வண்டி மூணு வருசத்துல நொறுங்குது. வண்டி ஒண்ணு, வயல் ஒண்ணு. வித்தியாசம் அக்கறைதானே?" கேட்டதும் சரியென்றே தோன்றும். அவர்கள் கண்ட வித்தியாசம் உண்மை. அதற்குச் சொல்லும் காரணம்தான் பிழை.

தன் வண்டியைத் தானே ஓட்டுபவர் ஒரு சத்தம் கேட்டால் நிறுத்துகிறார். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. புதைசேறான வயல் என்றால் "இதுல இறக்க மாட்டேன், தண்ணிய வடிங்க" என்று சொல்லிவிட்டு வரப்பில் நிற்கிறார். பாரம் அதிகம் என்றால் பாதியை இறக்கச் சொல்கிறார். எண்ணெய் மாற்ற வேண்டிய நாளில் பையிலிருந்து பணத்தை எடுக்கிறார். இரவு பத்து மணிக்குக் கண் சொருகினால் வீட்டுக்குப் போகிறார். இதில் எது அக்கறை, எது அதிகாரம்? சம்பள டிரைவருக்குக் காது இல்லையா? அவருக்கும் அதே சத்தம் கேட்கிறது. வண்டியை நிறுத்தும் உரிமைதான் அவருக்குக் கிடையாது. நிறுத்தினால் அன்றைய பேட்டா போகும், அடுத்த வாரம் வேலையே போகலாம். உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பொறுப்பை மட்டும் அவரிடம் கொடுத்துவிட்டு, அவருக்கு அக்கறையில்லை என்பது அநியாயம்.

மலைப் பாதையில் இதன் விலை உயிராக இருக்கிறது. கம்பம், போடி பக்கத்து ஊர்களிலிருந்து இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஜீப்புகள் ஏறுகின்றன. பெரும்பாலும் பெண்கள். உள்ளே இடமில்லாத அளவுக்கு நெருக்கி உட்காருகிறார்கள். போடிமெட்டுச் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது கியரில் இறக்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் விட்டால் முழுப் பாரமும் பிரேக் மேல். டிரம் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காத கட்டம் வந்துவிடும். நியூட்ரலில் இறக்குவது தவறு, ஆபத்து, மன்னிக்க முடியாதது. அப்படி இறக்கும் டிரைவரை நான் காப்பாற்ற வரவில்லை. ஆனால் அவர் ஏன் அப்படிச் செய்கிறார்? டீசல் அளந்து ஊற்றப்படுகிறது. அளவுக்கு மேல் போனால் அவர் பையிலிருந்து. புதிய டீசல் இன்ஜின்களில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் தானே நின்றுவிடும், நியூட்ரலில் விட்டு மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை என்பதை அவருக்கு எடுத்துச் சொன்னவர் யாருமில்லை. லிட்டர் கணக்கு மட்டும் நாள் தவறாமல் கேட்கப்படுகிறது. கேட்கப்படுகிற கணக்குக்கு ஏற்றபடிதான் மனிதர்கள் நடப்பார்கள்.

பாரம் ஏற்றுவதைப் பாருங்கள். குட்டி யானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸ் 2005இல் வந்தபோது அதன் சுமைத் திறன் சுமார் 750 கிலோ. சின்னமனூர்த் தோட்டங்களிலிருந்து வாழைத்தார் ஏற்றி வரும் குட்டி யானைகளில் எவ்வளவு இருக்கிறது என்பதை அதன் பின்சக்கரம் உட்கார்ந்திருக்கும் விதமே சொல்லிவிடும். வண்டி வாங்கிய மாதமே பட்டறைக்குக் கொண்டுபோய் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போடுகிறார்களே, அது டிரைவர் செலவிலா நடக்கிறது? அளவுக்கு மேல் ஏற்றப்போகிறோம் என்ற முடிவு, முதல் டிரைவர் இருக்கையில் ஏறுவதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. பட்டை தாங்கும், அச்சும் பிரேக்கும் டயரும் தாங்காது. அவை போகும்போது மட்டும் டிரைவர் ஞாபகம் வருகிறது.

சட்டம் இதை ஊர்த் தீர்ப்பைவிட நேர்மையாகப் பார்க்கிறது. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பின், 20,000 ரூபாயும் கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. ஓட்டுபவரை மட்டுமல்ல, ஓட்டச் செய்பவரையும் ஓட்ட விடுபவரையும் சேர்த்தே அந்தப் பிரிவு சொல்கிறது. பழுதான வண்டியைத் தெரிந்தே சாலையில் விடுவது பற்றிய 190ஆம் பிரிவும் அப்படியே. சட்டப் புத்தகத்தில் மூன்று பேர் இருக்க, விபத்துக்குப் பின் காவல் நிலையத்திலும் பட்டறையிலும் ஒருவர் பெயர்தான் முதலில் எழுதப்படுகிறது.

சம்பளப் பிடித்தத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் கோபம் தருவது இதுதான். 1936ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டம், சேதத்துக்காக ஊதியத்தில் பிடிக்க வேண்டுமானால் அந்தச் சேதம் தொழிலாளியின் அலட்சியத்தால் நேரடியாக வந்ததாக இருக்க வேண்டும் என்றது. சேதத்தின் அளவுக்கு மேல் பிடிக்கக் கூடாது. தன் பக்கத்தைச் சொல்ல அவருக்கு வாய்ப்புக் கொடுத்த பிறகே பிடிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அந்த வாய்ப்பை விடாமல் வைத்திருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலேயே ஒத்துக்கொள்ளப்பட்ட அந்தக் குறைந்தபட்ச நியாயத்தை நம் ஊர்ப் பட்டறையில் யாரும் கேட்பதில்லை. பிளேட்டைத் தூக்கிக் காட்டுகிறார்கள், ஒரு தொகை சொல்கிறார்கள், மாதாமாதம் பிடிக்கிறார்கள்.

பிடித்தத்தால் வண்டி பிழைக்கிறதா? பிடித்தம் இருக்கும் இடத்தில் எந்த டிரைவரும் பழுதை வாய் திறந்து சொல்ல மாட்டார். கியர் விழும்போது ஒரு உராய்வு கேட்கிறது. சொன்னால், "நீதான் கெடுத்தே." சொல்லாமல் ஓட்டினால், ஒருவேளை அடுத்த டிரைவர் கையில் உடையும். மனிதர் எதைத் தேர்ந்தெடுப்பார்? ஒரு சீல் மாற்றினால் சரியாகியிருக்கும் குறை, பேரிங்கைத் தின்று, அச்சைத் தின்று, பெட்டியையே திறக்க வைக்கும் வரை மௌனமாக வளர்கிறது. அபராதம் போட்டு மிச்சம் பிடித்த சில ஆயிரங்களுக்காக வண்டிக்காரர் இழப்பது, வண்டியைப் பற்றிய செய்தியை. அதை முதலில் அறிகிறவர் டிரைவர். அவர் வாயை அடைத்த பிறகு, பழுது உடைந்து விழும்போதுதான் முதலாளிக்குத் தெரியவரும்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய பிழையும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே விமானிகள் சிலர் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். விமானம் வயிறு தரையில் இடிபட விழுந்தது. விமானியின் தவறு என்று எழுதினார்கள். அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கான விசையும் இறக்கை மடிப்புக்கான விசையும் ஒரே மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. களைத்த கை மாறிப் போனது. சக்கர விசையின் முனையில் சக்கர வடிவத்தைப் பொருத்தச் சொன்னார். தவறு அகன்றது. 1947இல் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் "விமானியின் தவறு" என்று சொல்லப்பட்ட 460 அனுபவங்களை வகை பிரித்து ஆராய்ந்தபோது, ஆளை மாற்றுவதைவிட அமைப்பை மாற்றுவதால் தடுக்கக்கூடியவை பல என்று காட்டினார்கள்.

டிராக்டரில் டிஃபரன்ஷியல் லாக் என்று ஒரு பெடல் உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் சுழலும்போது மிதித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். மிதித்தபடியே திரும்பினால் பல்சக்கரம் உடையும். இதைத் தெரியாமல் உடைத்தவர்கள் பலர். அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? டிராக்டர் ஓட்டுநர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பயிற்சி தரும் மத்திய அரசு நிலையம் 1955இல் மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் தொடங்கியது. தெற்கே உள்ளவர்களுக்கானது ஆந்திராவில், அனந்தப்பூர் மாவட்டத்துக் கார்லதின்னேயில். குச்சனூர் டிரைவர் அங்கே போய்ப் படித்து வருவாரா? உரிமம் வாங்கும்போது தொழி உழவையோ ஹைட்ராலிக்கையோ பற்றி அவரிடம் யாரும் கேட்பதில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, இலகுரக உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தையும் ஓட்டலாம் என்று உறுதி செய்தது. டிரைவர்களின் பிழைப்புக்கு அது நல்ல தீர்ப்பு. ஆனால் உரிமம் இருப்பதாலேயே இயந்திரம் தெரிந்தவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். வயலில், சேற்றில், வேறொருவரின் வண்டியில்தான் அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். கற்கும் செலவையும் சம்பளத்தில் கட்டுகிறார்கள்.

குச்சனூரில் சுரபி நதிக்கரையில் சுயம்புவாக எழுந்தருளியிருக்கும் சனீஸ்வரரைத் தேடி ஆடிச் சனிக்கிழமைகளில் எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். அவரவர் வினைக்கு அவரவர் பலன் என்பதுதான் அந்த நம்பிக்கையின் அடிப்படை. ஒருவர் வினையை இன்னொருவர் தலையில் கட்ட அதில் இடமே கிடையாது. அந்த ஊர் எல்லையிலேயே முதலாளியின் கணக்கை டிரைவரின் சம்பளத்தில் எழுதுகிறோம்.

நல்ல டிரைவர்கள் கிடைப்பதில்லை என்று புலம்புகிறோம். இருந்தவர்கள் எங்கே போனார்கள்? ஜேசிபிக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் போனார்கள், திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போனார்கள். கை சுத்தமான, காது கூர்மையான ஆளுக்குக் கூடுதல் சம்பளம் கொடுக்காமல், கிடைத்த ஆளைக் கிடைத்த கூலிக்கு ஏற்றிவிட்டு, பிறகு ஆள் சரியில்லை என்பது நாமே விதைத்ததை அறுப்பது.

வண்டிக்காரர்களிடம் கேட்கிறேன். அடுத்த ஜூனில் தண்ணீர் திறப்பதற்கு முன் உங்கள் டிராக்டரில் ஒரு கிரீஸ் கன்னும் ஒரு நோட்டும் வையுங்கள். மணிக் கணக்கை வாடகைக்கு எழுதுவது போலவே, எண்ணெய் மாற்றியதையும் கிரீஸ் அடித்ததையும் பட்டறையில் என்ன மாற்றினார்கள், எதை வேண்டாமென்று விட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். கிரீஸ் அடிக்கும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிடுங்கள். பழுதை வந்து சொல்லும் டிரைவரிடம் ஒரு ரூபாயும் பிடிக்காதீர்கள். "சத்தம் சரியில்லைன்னா நிறுத்திடு, நான் பேசிக்கிறேன்" என்று எல்லார் முன்னிலையிலும் ஒரு முறை சொல்லுங்கள். போகம் முழுதும் பெரிய செலவு வைக்காமல் வண்டியைத் திருப்பித் தந்தவருக்கு, மிச்சமான பணத்தில் ஒரு பங்கு கொடுங்கள்.

மெக்கானிக் அண்ணன்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிரித்துப் பார்ப்பதற்கு முன் தீர்ப்புச் சொல்லாதீர்கள். உங்கள் ஒரு தலையாட்டலில் ஒரு வீட்டின் ஒரு மாதச் சம்பளம் போகிறது.

தேனி மாவட்ட வேளாண்மைப் பொறியியல் துறைக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மே மாதமும், அணை திறப்பதற்கு முன், சின்னமனூரிலோ குச்சனூரிலோ டிரைவர்களையும் வண்டிக்காரர்களையும் ஒன்றாக உட்கார வைத்து, சேற்று வேலையையும் கிளட்ச் பராமரிப்பையும் பற்றி ஒரு நாள் பயிற்சி நடத்துங்கள். டிரைவர்களை மட்டும் அழைத்து நடத்தினால் பயனில்லை. வண்டிக்காரர்களும் வந்தாக வேண்டும்.